கொல்லிமலைக்கு ஒரு பழைய குரூப் டூர்

காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவு. எங்க வேனில் பாதிப் பேர் 30-வது வளைவிலேயே கண்ணை இறுக்க மூடிட்டாங்க.

வன்பரணரும் இந்த மலைக்குக் கூட்டமாகத்தான் போயிருக்கிறார், ஆனால் நடந்து. புறநானூறு 152-ஐப் பாருங்கள். யாழ், முழவெல்லாம் சுமந்து வந்த கூட்டம் காட்டில் ஒரு வேட்டுவனைச் சந்திக்கிறது. அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்ததாம். இதை நான் நம்பவில்லை. ஆனால் பாடி முடித்து 'கோ' என்றதும் அவன் கூச்சப்பட்டான் பாருங்க, அதை நம்புகிறேன். புகழ்வதற்காகக் கட்டுகிற கதையில் இப்படி ஒரு கூச்சம் வராது. பிறகு பசித்தவர்களுக்கு மான்கறிப் புழுக்கு, மது, கூடவே மலையில் கிடைத்த பொன்.

அந்த வேட்டுவன்தான் வல்வில் ஓரி. அவனைக் காரி கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்ததை அகநானூறு 209 சொல்கிறது. செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கு. நாங்க அங்கே நின்றது பத்து நிமிஷம், செல்ஃபிக்கு.