மூச்சை எண்ணுபவரும் முடிவெடுப்பவரும்: செவிலியரின் அடிப்படைத் திறன் குறித்து ஒரு மறுபார்வை

பொதுப்பிரிவு ஒன்றின் டி.பி.ஆர். (வெப்பநிலை, நாடி, மூச்சு) அட்டைகளை வரிசையாக எடுத்துப் புரட்டுபவருக்கு ஒன்று கண்ணில் படும். காய்ச்சல் ஏறி இறங்கியிருக்கும். நாடி 78, 96, 112 என்று ஆளுக்கு ஆள் மாறியிருக்கும். மூச்சு மட்டும் பெரும்பாலும் 18, இல்லையென்றால் 20. நிமோனியாவோடு கிடப்பவருக்கும் 20, ஹெர்னியா அறுவை முடிந்து நாளை வீடு திரும்பப்போகிறவருக்கும் 20. இது ஓர் ஊரின் வழக்கமோ ஒரு நாட்டின் வழக்கமோ அல்ல. 2008இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் கிரெடிகோஸும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, மூச்சு வீதத்தைப் புறக்கணிக்கப்பட்ட உயிர்க்குறி என்று தலைப்பிலேயே குறித்தது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: வேலைப்பளு, பயிற்சிக் குறைவு, அக்கறையின்மை. மூன்றாவதை நான் ஏற்கவில்லை. அதே கையால் அதே அட்டையில் எழுதப்படும் நாடி ஏன் சரியாக இருக்கிறது என்பதற்கு அதில் விடை இல்லை. முதல் இரண்டும் உண்மை, ஆனால் பாதி உண்மை. மூச்சு எண்ணிக்கையைக் கொண்டு எதையும் தொடங்கவோ நிறுத்தவோ எண்ணுபவருக்கு அதிகாரம் இல்லாத இடத்தில் அந்த எண்ணிக்கை வெறும் சடங்காகிவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். அடிப்படைத் திறன் கீழ்ப்படி, மருத்துவ முடிவு மேற்படி என்று பாடத்திட்டமும் வார்டும் பிரித்து வைத்திருப்பதால் இரண்டுமே கெடுகின்றன.

முதலில் அந்தத் திறனையே பார்ப்போம். மூச்சு ஓரளவு நம் விருப்பத்துக்குக் கட்டுப்படும். யாரோ எண்ணுகிறார்கள் என்று தெரிந்த உடனே நோயாளியின் மூச்சு மாறும். அதனால்தான் நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்காமல், நாடி பார்ப்பதுபோலவே இருந்து மார்பைக் கவனிக்கச் சொல்லித் தருகிறார்கள். இச்சிறு தந்திரத்துக்குள்ளேயே ஒரு சிந்தனை இருக்கிறது: அளப்பது அளக்கப்படுவதை மாற்றும் என்பதை அறிந்து அதற்கேற்ப நடந்துகொள்வது.

அடுத்து எவ்வளவு நேரம் எண்ணுவது என்ற கேள்வி. 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கம் பரவலாக உண்டு. அப்படிச் செய்தால் விடை 12, 16, 20, 24 என்று நான்கின் மடங்காகத்தான் வரும். நடுவில் எதுவும் வராது. உண்மையில் நிமிடத்துக்கு 22 முறை மூச்சு விடும் நோயாளியிடம் 15 நொடியில் கிடைப்பது ஐந்து அல்லது ஆறு. ஐந்து என்றால் 20, ஆறு என்றால் 24. லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில் 12 முதல் 20 வரை சுழியம். 21 முதல் 24 வரை இரண்டு. 25ம் அதற்கு மேலும் மூன்று. ஆக, ஒரே ஒரு மூச்சு எண்ணிக்கையில் சேர்ந்ததா விடுபட்டதா என்பதைப் பொறுத்து அந்த நோயாளி ‘நன்றாக இருக்கிறார்’ அல்லது ‘கவனிக்கப்பட வேண்டியவர்’ ஆகிறார். முழு நிமிடம் எண்ண வேண்டும் என்ற விதி வெறும் ஒழுங்குக்காக வந்ததல்ல. 15 நொடியா 60 நொடியா என்று தேர்ந்தெடுக்கும் செவிலியர், தெரிந்தோ தெரியாமலோ ஒரு மருத்துவ முடிவை எடுத்துவிடுகிறார்.

இவ்வளவு தூரம் மூச்சைப் பற்றிப் பேசுவானேன், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். கோவிட் காலத்துக்குப் பிறகு வீட்டு அலமாரியிலும் கிடக்கும் கருவி அது. ஆனால் அது காட்டுவது ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை மட்டுமே. அந்த அளவைத் தக்கவைக்க உடல் படும் பாட்டை அல்ல. நுரையீரல் பழுதடையத் தொடங்கும்போது மூச்சு வேகமெடுத்து ஆக்சிஜன் செறிவைத் தாங்கிப்பிடிக்கிறது. கருவி 97 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே மூச்சு 30ஐத் தொட்டிருக்கலாம். ரத்தத்தில் அமிலம் மிகும்போதும் அப்படித்தான். கிருமித்தொற்று ரத்தத்தில் பரவியிருந்தாலும், சர்க்கரை நோயாளிக்குக் கீட்டோன் கூடியிருந்தாலும், கரியமில வாயுவை வெளியேற்றி அமிலத்தைக் குறைக்க மூச்சு முந்திக்கொள்கிறது.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. அறுவைக்குப் பின் மார்ஃபின் கொடுக்கப்பட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயும் செருகப்பட்ட நோயாளியின் மூச்சு 8க்கு இறங்கினாலும் கருவி 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும். கரியமில வாயு தேங்குவது அதற்குத் தெரியாது. இவற்றோடு 2020இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஷோடிங் குழு வெளியிட்ட முடிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளைகளில், தமனி ரத்தத்தில் செறிவு 88க்கும் கீழே இருந்தது வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு, கறுப்பின நோயாளிகளிடம் 11.7 விழுக்காடு. கருத்த தோலுடையோர் மிகுந்த நம் வார்டுகள் இதை அக்கரைச் செய்தி என்று தள்ளிவிட முடியாது.

நோயாளியின் நிலை சீர்கெடுவதன் அறிகுறிகள் பெரும்பாலும் திடீரென்று வருபவை அல்ல. 1990இல் ஷெய்னும் குழுவினரும் மருத்துவமனைக்குள் இதயம் நின்றுபோன 64 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, 84 விழுக்காட்டினரிடம் அதற்கு முந்தைய எட்டு மணி நேரத்துக்குள்ளேயே சீர்கேட்டின் தடயங்கள் இருந்தன. எட்டு மணி நேரம் என்பது ஏறக்குறைய ஒரு ஷிஃப்ட். அந்த நேரம் முழுக்க நோயாளியின் அருகில் இருப்பவர் செவிலியர்; மருத்துவர் அல்ல.

இங்கே வார்டை விட்டு கிராமத்துக்குப் போனால் ஒரு முரண் தெரியும். 1980களின் தொடக்கத்தில் பப்புவா நியூ கினியில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் ஃபிராங்க் ஷான், எக்ஸ்ரேயும் ஸ்டெதாஸ்கோப்பும் இல்லாமலே குழந்தைகளின் நிமோனியாவை மூச்சின் வேகத்தைக் கொண்டு இனங்காணலாம் என்று காட்டினார். உலக சுகாதார நிறுவனம் அதை விதியாக வகுத்தது: இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஓராண்டுக்குட்பட்டதற்கு 50, ஐந்தாண்டுக்குட்பட்டதற்கு 40 அல்லது அதற்கு மேல் போனால் வேக மூச்சு. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் இணையர், எழுத்தறிவு இல்லாத கிராமப் பணியாளரும் பயன்படுத்தும்படி மணற்கடிகையும் மணிகளும் கொண்ட எளிய எண்ணும் கருவியை உருவாக்கினார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணி நகர்த்த வேண்டும். மணல் தீருமுன் சிவப்பு மணிக்கு வந்துவிட்டால் நிமோனியா. உடனே மருந்து கொடுப்பவரும் அதே பணியாளர்தான். அப்பகுதியில் நிமோனியாவால் குழந்தைகள் இறப்பது குறைந்ததை அவர்களது ஆய்வு 1990இல் லான்செட்டில் பதிவு செய்தது.

நான்காண்டுப் பட்டம் பெற்ற செவிலியர் எண்ணாமல் விடுவதை, பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண் ஒழுங்காக எண்ணினார். இரண்டு இடங்களும் ஒன்றல்ல என்பது தெரியும். அங்கே ஒரு நேரத்தில் ஒரு குழந்தை, இங்கே ஒரு வார்டு முழுக்க ஆட்கள். அதைக் கழித்த பிறகும் மிஞ்சும் வேறுபாடு ஒன்று. கட்சிரோலியில் சிவப்பு மணிக்குப் பிறகு என்ன செய்வது என்று எண்ணியவருக்குத் தெரியும். செய்யும் உரிமையும் அவரிடமே இருந்தது. வார்டில் 28 என்று எழுதிய பிறகு என்ன நடக்கும்? இரவு இரண்டு மணிக்கு நடக்கும் உரையாடல் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: “பேஷண்ட் கொஞ்சம் டல்லா இருக்கார் சார், வந்து பாக்குறீங்களா?” “பி.பி. எவ்ளோ?” “110/70 சார்.” “அப்ப பாத்துக்கங்க சிஸ்டர், காலையில ரவுண்ட்ஸ்ல பாக்கலாம்.” இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் யாருக்கும் எண்ணத் தோன்றாது. இதில் அந்த மருத்துவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ‘டல்லா இருக்கார்’ என்ற சொல்லைக் கொண்டு தூக்கத்திலிருந்து எழுந்தவர் எதையும் தீர்மானிக்க முடியாது.

அதே செய்தியை வேறு விதமாகச் சொல்லலாம்: “எட்டாம் பெட், ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாம் நாள். ஆறு மணிக்கு மூச்சு 16, இப்ப 28. நாடி 118. கேட்டதுக்குக் குழறிப் பதில் சொல்றார், சாயங்காலம் நல்லாப் பேசினவர். நீங்க இப்பவே வரணும் சார்.” முன்சொன்ன மதிப்பெண் முறையில் மூச்சுக்கு 3, நாடிக்கு 2, புதிதாக வந்த குழப்பத்துக்கு 3 என இதுவே 8 புள்ளி ஆகிவிடும். ஏழைத் தொட்டாலே அவசரக் குழுவை அழைக்க வேண்டும் என்பது அம்முறையின் விதி. இப்படிப் பேசுவதற்குத் துணிச்சல் வேண்டும். துணிச்சல் தனிமனிதக் குணமாக மட்டும் இருக்கும் இடத்தில் அது ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறும். எழுதப்பட்ட விதி பின்னால் இருந்தால் புதிதாகச் சேர்ந்த பெண்ணும் பேசுவார். சிட்னியின் லிவர்பூல் மருத்துவமனையில் கென் ஹில்மன் 1990இல் தொடங்கிய அவசர மருத்துவக் குழு முறையில், எண்கள் ஏதும் எல்லையைத் தாண்டாவிட்டாலும், நோயாளியைப் பற்றிக் கவலையாக இருக்கிறது என்பதையே காரணமாகக் காட்டிச் செவிலியர் அழைக்கலாம்.

விதி மட்டும் போதுமா என்றால், போதாது. 23 ஆஸ்திரேலிய மருத்துவமனைகளில் நடந்து 2005இல் வெளியான மெரிட் ஆய்வில், இத்தகைய குழு இருந்த மருத்துவமனைகளுக்கும் இல்லாதவற்றுக்கும் விளைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இதை என் வாதத்துக்கு எதிரான சான்றாக எடுக்கலாம். ஆனால் அதே ஆய்வு, அழைப்புக்குரிய அறிகுறி இருந்தும் பல வேளைகளில் அழைப்பு போகவில்லை என்பதையும், உயிர்க்குறிகள் முழுமையாகப் பதியப்படவில்லை என்பதையும் காட்டியது. எண்ணிக்கை இல்லாத அதிகாரமும் வேலைக்கு ஆகாது.

எண்ணிக்கை சரியாகவே இருந்தும் பொருள் தப்பிப்போகும் இடம் டெங்கு. ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கினால் உடன் இருப்பவர்கள் மகிழ்வார்கள். அட்டையிலும் கோடு அழகாகக் கீழிறங்கும். ஆபத்தான 24 முதல் 48 மணி நேரம் தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிகிறது. சேர்ந்தபோது 110/70 இருந்த பி.பி. இப்போது 100/80. மேல் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது ஒன்றுமில்லை. இரண்டுக்கும் உள்ள இடைவெளி 40லிருந்து 20க்கு ஒடுங்கிவிட்டதைப் பார்ப்பவருக்கு அதிர்ச்சி நிலை வாசலில் நிற்பது தெரியும். பாதத்தைத் தொட்டுச் சில்லென்று இருக்கிறதா என்று பார்ப்பார், நகத்தை அழுத்தி நிறம் திரும்ப எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பார், சிறுநீர் கடைசியாக எப்போது போனது என்று கேட்பார். இவற்றில் எது ‘அடிப்படைத் திறன்’, எது ‘முடிவெடுத்தல்’ என்று கோடு கிழிக்க என்னால் முடியவில்லை.

ஆனால் பாடத்திட்டம் கிழிக்கிறது. முதலாண்டில் உயிர்க்குறிகள் ஒரு செய்முறை. சிந்தனை தனி அலகு. பேட்ரிஷியா பென்னர் 1984இல் விவரித்த, புதியவரிலிருந்து வல்லுநர் வரையிலான ஐந்து படிகளும் இந்தப் பிரிவினைக்குத் துணையாக எடுத்தாளப்படுகின்றன: மாணவி விதிப்படி செய்யட்டும், தீர்ப்புத்திறன் அனுபவத்தோடு தானாக வரும் என்று. பென்னர் விவரித்தது வளர்ச்சியின் போக்கை. முதலாண்டு மாணவிக்குச் சிந்திக்கத் தடை விதிக்கவில்லை. 2006இல் கிறிஸ்டின் டேனர் முன்வைத்த மாதிரி எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. கவனித்தல், பொருள்கொள்ளல், செயல்படல், திரும்பி எண்ணிப்பார்த்தல் ஆகிய நான்கில் அவர் முதலில் வைத்தது கவனித்தலை. தீர்ப்பு தொடங்குவதே அங்கேதான்.

வேலைப்பளுவுக்கு வருவோம். 40 பேர் படுத்திருக்கும் வார்டில் ஆளுக்கு முழு நிமிடம் என்றால் மூச்சுக்கு மட்டும் 40 நிமிடம். கற்பித்தல் மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒருவர் என்ற இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோலைச் சொன்னால் இரவுப் பணியில் இருப்பவர் சிரிப்பார். ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா ஐகன் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போது அறுவை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியது. ஆள் எண்ணிக்கைக்கு மாற்றாக எந்தத் திறனையும் நான் முன்வைக்கவில்லை. ஆனால் ஆள் குறைந்த வார்டில்தான் தீர்ப்பு இன்னும் கூர்மையாகத் தேவைப்படுகிறது. நாற்பது பேருக்கும் 20 என்று எழுதுவதைவிட, நேற்று அறுவை முடிந்தவர், மார்ஃபின் போட்டவர், காய்ச்சல் இறங்கிய டெங்கு நோயாளி, வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் இருக்கும் முதியவர் என்று எட்டுப் பேரைத் தேர்ந்து முழு நிமிடம் எண்ணிவிட்டு, மற்றவர்களுக்கு எண்ணவில்லை என்று எழுதுவது நேர்மையானது; பாதுகாப்பானதும்கூட. எந்த எட்டுப் பேர் என்பதைச் சொல்ல முடிந்தவர் செவிலியர்தான்.

மாற்றத்தைச் செய்முறைத் தேர்விலிருந்து தொடங்கலாம். இன்று மாணவி கை கழுவியதையும், விளக்கம் சொன்னதையும், வரிசை தவறாததையும் பார்த்து மதிப்பெண் இடுகிறோம். இனி நோயாளியின் முந்தைய 24 மணி நேர அட்டையைக் கையில் கொடுத்து, இப்போது எண்ணச் சொல்லி, யாரை அழைப்பாய், என்ன சொல்வாய், அவர் வரும்வரை நீயாக என்ன செய்வாய் என்று கேட்க வேண்டும். மருத்துவமனைகள் தம் பங்குக்கு, எந்த எண்ணைத் தொட்டால் செவிலியர் தாமாகவே நோயாளியை நிமிர்த்தி உட்காரவைக்கலாம், ஆக்சிஜன் தொடங்கலாம், ஓப்பியாய்டு சொட்டை நிறுத்தலாம், மேல்நிலை மருத்துவரை நேராக அழைக்கலாம் என்பதை எழுதி, கையெழுத்திட்டு, ஒவ்வொரு வார்டிலும் ஒட்ட வேண்டும். பாடத்திட்டக் குழுக்களில் இருப்போரும் நர்சிங் கண்காணிப்பாளர்களும் இந்த இரண்டையும் அடுத்த கல்வியாண்டுக்கு முன்பே எடுத்துப் பேசவேண்டும் என்பது என் வேண்டுகோள்.