அரங்கம் கட்டாத நடிகர்

சிற்பி செதுக்கிய சிலை கல்லில் நிற்கிறது. புலவர் பாடிய பாட்டு ஏட்டில் நிற்கிறது. நடிகரின் நடிப்போ நீர்மேல் எழுத்து. திரை விழுந்ததும் மறைந்துவிடுகிறது. அதிலும், ஓரிடத்தில் நிலைத்திராமல் ஊர் ஊராகச் சென்று நடித்தவர் எதைத்தான் விட்டுச் செல்கிறார்? இவ்வினாவை எண்ணும்போது, ஷேக்ஸ்பியர் நாடகங்களோடு பாரத நாடெங்கும் சுற்றிய ஆங்கில நடிகர் ஜெப்ரி கெண்டல் நம் நினைவுக்கு வருகிறார்.

அவர் 1909ஆம் ஆண்டில் வட இங்கிலாந்திலுள்ள கெண்டல் என்னும் ஊரில் பிறந்தார். இயற்பெயர் ஜெப்ரி பிராக். நடிகரானபின் பிறந்த ஊரின் பெயரையே தம் பெயராக்கிக்கொண்டார். மனைவி லாரா லிடெல்லும் நடிகையே. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், படைவீரர்களுக்கு நாடகம் நடித்துக் காட்டும் பணி இவர்களை இந்தியாவுக்குக் கொணர்ந்தது. 1947இல் தமது ‘ஷேக்ஸ்பியரானா’ குழுவுடன் கெண்டல் மீண்டும் வந்தார். ஆங்கிலேயர் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்ட ஆண்டில், ஓர் ஆங்கிலேயர் நாடகப் பெட்டிகளோடு இங்கே வந்து இறங்கினார்!

இக்குழு சென்ற நகரங்களுள் பெங்களூரும் ஒன்று. அந்நகரின் தண்டுப் பகுதி 1809 முதல் ஆங்கிலப் படையின் இருப்பிடமாக விளங்கி, 1947 ஜூலையில் மைசூர் அரசிடம் திரும்பி வந்தது. படை போயிற்று, பள்ளிகள் நின்றன. 1865இல் தோன்றிய பிஷப் காட்டன் பள்ளி போன்ற நிலையங்களில் ஷேக்ஸ்பியர் பாடநூலாக இருந்தார். ஏட்டில் உரையோடு படித்த ஜூலியஸ் சீசர் மேடையில் உயிரோடு நடந்து வருவதைக் காண எந்த மாணவருக்குத்தான் ஆவல் எழாது? பள்ளிகளும் கல்லூரிகளும் அரண்மனைகளுமே குழுவுக்கு ஆதரவளித்தன. ஒருசில நடிகர்களே பல வேடங்களைப் புனைந்தனர். 1953 முதல் 1956 வரை அக்குழு நடத்திய காட்சிகள் 800க்கும் மேற்பட்டவை.

இவ்வாழ்க்கை நமக்குப் புதியதன்று. 1884இல் தோன்றிய குப்பி நாடகக் குழு கன்னட நாடெங்கும் இவ்வாறே சுற்றியது. சங்கரதாஸ் சுவாமிகளின் வழிவந்த பாலர் சபைகளும் தமிழகத்தில் அவ்வாறே திரிந்தன. குழுவே குடும்பம், மேடையே பள்ளிக்கூடம். கெண்டலின் இளைய மகள் பெலிசிட்டி, ஒன்பது மாதக் குழந்தையாகவே மேடையேறியவர். ஷேக்ஸ்பியரும் நமக்கு அயலாராக இருக்கவில்லை. பம்மல் சம்பந்த முதலியார் ‘ஹாம்லெட்’டை ‘அமலாதித்யன்’ ஆக்கித் தமிழ் மேடைக்கு உரியதாக்கினார். கெண்டலோ மூலமொழியிலேயே நடித்தார். ஆயினும் இந்திய நடிகர்களைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். வங்க நாடக உலகின் தலைமகனான உத்பல் தத் அக்குழுவில் பயின்றவர்.

1956இல் கல்கத்தாவில் பிருதிவிராஜ் கபூரின் மகன் சசி கபூர், கெண்டலின் மூத்த மகள் ஜெனிபரைக் கண்டார். இருவரும் மணம் புரிய விரும்பினர். தந்தை எளிதில் இசையவில்லை. மகளின் பிரிவு மட்டுமன்று, குழுவின் தலைமை நடிகையின் பிரிவும் அதுவன்றோ? எனினும் 1958இல் திருமணம் நடந்தது.

பின்னர்க் காலம் மாறிற்று. திரைப்படம் மக்களைக் கவர்ந்தது. அரண்மனைகளின் செல்வாக்குக் குறைந்தது. 1965இல் ஜேம்ஸ் ஐவரி இயக்கிய ‘ஷேக்ஸ்பியர் வாலா’ என்னும் படத்தில், ஆதரவிழந்து தளரும் ஆங்கில நாடகக் குழுவின் தலைவராகக் கெண்டலே நடித்தார். லாராவும் பெலிசிட்டியும் சசி கபூரும் உடன் நடித்தனர்; இசை சத்யஜித் ராயுடையது. தம் குழுவின் வாழ்வை அத்துணைச் சோகமாகக் காட்டியது கெண்டலுக்கு உவப்பாக இல்லை. நியாயந்தான். தோற்றவராகத் தம்மை அவர் ஒருநாளும் கருதவில்லை. இலண்டன் புகழ் அவருக்கு வாய்க்கவில்லை. அதை அவர் தேடவுமில்லை. முன்வரிசையில் கண் இமையாமல் அமர்ந்திருக்கும் பள்ளிச் சிறுவனே அவருக்குப் போதுமாயிருந்தான்.

1984இல் ஜெனிபரையும் 1992இல் லாராவையும் இழந்து, 1998இல் கெண்டல் மறைந்தார். அவர் தமக்கென ஓர் அரங்கமும் கட்டவில்லை. ஆனால் ஜெனிபரும் சசி கபூரும் 1978இல் பம்பாய் ஜுஹுவில் பிருதிவி அரங்கை எழுப்பினர். சசி கபூர் தயாரித்து, கிரீஷ் கர்னாட் இயக்கி, 1984இல் வந்த ‘உத்சவ்’ படத்தில் கன்னட நடிகர் சங்கர் நாக் நடித்தார். 1990இல் விபத்தில் மறைந்த அவருடைய கனவை மனைவி அருந்ததி நாக் நிறைவேற்ற, 2004இல் பெங்களூரில் ‘ரங்க சங்கரா’ அரங்கம் எழுந்தது.

இவற்றையெல்லாம் கெண்டலின் கொடை என்று கூறுவது மிகையாகும். ஆயினும், நாடகத்தையே வாழ்வாகக் கொண்டவரின் பற்று அடுத்தவர் நெஞ்சில் பற்றிக்கொள்ளும் என்பதை இவ்வரலாறு நமக்குக் காட்டுகிறது. ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றுவதுபோல, ஊர் ஊராய்ச் சென்ற நடிகர் விட்டுச் செல்வது அச்சுடரையே.