இரண்டு பனிப்புயல்கள் எழுதிய சட்டம்
சிகாகோ நகரின் குளிர்கால வண்டி நிறுத்த விதிகள்: ஒரு வரலாறு

சிகாகோ நகரத்தின் முக்கியச் சாலைகளில் 107 மைல் நீளத்துக்கு ஒரு விதி உண்டு. டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை ஒவ்வொரு நாளும் அதிகாலை 3 மணியிலிருந்து 7 மணி வரை அங்கே வண்டி நிற்கக் கூடாது. பனி விழுந்தாலும் விழாவிட்டாலும் இதுதான் விதி. வானம் தெளிந்து தெரு காய்ந்து கிடக்கிற இரவிலும் இழுவை வண்டிகள் வரும், நிற்கிற கார்களைத் தூக்கிக்கொண்டு போகும். இந்த ஊருக்குப் புதிதாக வந்த நம்மவர்கள் பலரும் இதைக் கேட்டதும் கோபப்படுகிறார்கள். பனியே இல்லாத இரவில் எதற்குப் பனித் தடை என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை தேடிப் போனால் இந்த நகரத்தின் இரண்டு ஜனவரி மாதங்களில் போய் நிற்போம்.

முதலாவது 1967. அந்த ஆண்டு ஜனவரி 24ஆம் தேதி சிகாகோவில் வெப்பநிலை 65 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டது. நடுக்குளிர்காலத்தில் மேல்கோட்டு இல்லாமல் மக்கள் வெளியே நடந்தார்கள். இரண்டு நாள் கழித்து, 26ஆம் தேதி வியாழக்கிழமை விடிகாலை ஐந்து மணியளவில் பனி விழத் தொடங்கியது. 4 அங்குலம் விழலாம் என்பது வானிலைக் கணிப்பு. 4 அங்குலத்துக்கெல்லாம் சிகாகோக்காரர்கள் வீட்டில் உட்கார மாட்டார்கள். எல்லோரும் வழக்கம்போல வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். பனி நிற்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிவாக்கில் அது ஓய்ந்தபோது 23 அங்குலம் விழுந்திருந்தது. ஒரே புயலில் சிகாகோவில் இவ்வளவு பனி அதற்கு முன் பதிவானதில்லை. அதற்குப் பிறகும் இல்லை.

அன்று நகரத்தை முடக்கியதில் பனிக்குப் பாதிப் பங்குதான். மீதிப் பங்கு வண்டிகளுடையது. மாலையில் வீடு திரும்பியவர்கள் நடுவழியில் சிக்கிக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான கார்களும் நூற்றுக்கணக்கான பேருந்துகளும் சாலையின் நடுவிலேயே கைவிடப்பட்டன. பனியை வாரித் தள்ளும் வண்டி வந்தாலும் முன்னே நகர வழியில்லை. கைவிடப்பட்ட வண்டியை அகற்றினால்தான் பனியை வார முடியும், பனியை வாரினால்தான் வண்டியை அகற்ற முடியும் என்ற நிலை. ஓஹேர் விமான நிலையம் மூடப்பட்டது. பிரசவ வலி கண்ட பெண்களைச் சறுக்குவண்டியிலும் புல்டோசரிலும் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஹெலிகாப்டரில் மருந்துகள் போய்ச் சேர்ந்தன. வாரிய பனியைக் கொட்ட இடமின்றி சிகாகோ ஆற்றில் கொட்டினார்கள். தெற்கே போகும் காலி ரயில் பெட்டிகளிலும் ஏற்றி அனுப்பினார்கள், வழியில் உருகிப் போகட்டும் என்று.

பனி விழுந்த பிறகு வண்டியை எடுக்கச் சொல்வது பயனற்றது என்பதை அந்த வாரம் நகரத்துக்குக் கற்பித்தது. விழுவதற்கு முன்பே தெரு காலியாக இருக்க வேண்டும். 4 என்று சொன்ன வானிலை 23 ஆகும் ஊரில் கணிப்பை நம்பிக் கடைசி நேரத்தில் அறிவிப்புக் கொடுக்க முடியாது. காய்ந்த இரவிலும் தடை ஏன் என்ற கேள்விக்கு முதல் விடை இது.

இரண்டு ஆண்டு கழித்து, 1969இல், சிகாகோ தமிழ்ச் சங்கம் தொடங்கியது. நம்மில் மூத்த தலைமுறையினர் காலூன்றிய காலம் அது. அவர்களில் பலர் நேரில் கண்ட புயல்தான் அடுத்தது.

1979 ஜனவரி. புத்தாண்டையொட்டி விழுந்த பனியே தெருவில் உருகாமல் கிடந்தது. அதன்மேல் ஜனவரி 12 முதல் 14 வரை மேலும் 20 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கொட்டியது. 14ஆம் தேதி தரையில் கிடந்த பனியின் ஆழம் 29 அங்குலம். மேயராக இருந்தவர் மைக்கேல் பிலாண்டிக். 21 ஆண்டு நகரத்தை ஆண்ட ரிச்சர்ட் ஜே. டேலி 1976 டிசம்பரில் காலமானதும் அந்த நாற்காலிக்கு வந்தவர். பள்ளிக்கூட வாகன நிறுத்தங்களைச் சுத்தம் செய்தாகிவிட்டது, தெருவில் நிற்கும் வண்டிகளை அங்கே கொண்டுபோய் விடுங்கள் என்று மேயர் தரப்பிலிருந்து அறிவிப்பு வந்தது. நம்பிப் போனவர்கள் கண்டது வாரப்படாத பனியை. உட்தெருக்கள் வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தன. குப்பை எடுக்க ஆள் வரவில்லை.

அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் நடந்தது. உயர்பாதை ரயில்கள் பனியில் பழுதாகி, ஓடுகிற வண்டிகள் நிரம்பி வழிந்தன. கூட்டத்தைச் சமாளிக்க, சில நிலையங்களில் நிற்காமல் ரயிலை ஓட்ட முடிவு செய்தார்கள். அப்படித் தாண்டிப் போன நிலையங்களில் பெரும்பாலானவை கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில் இருந்தன. உறைகிற குளிரில் நடைமேடையில் நின்றவர்களின் கண்முன்னே ரயில் நிற்காமல் போயிற்று. அந்த மக்கள் அதை மறக்கவில்லை.

பிப்ரவரி 27இல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்தல். பிலாண்டிக்கை எதிர்த்து நின்றவர், அவரால் நகர நிர்வாகப் பதவியிலிருந்து நீக்கப்பட்ட ஜேன் பர்ன். கட்சி இயந்திரம் முழுவதும் மேயர் பக்கம். ஆனாலும் ஏறத்தாழ 17,000 வாக்கு வித்தியாசத்தில் ஜேன் பர்ன் வென்றார். ஏப்ரலில் சிகாகோவின் முதல் பெண் மேயரானார். அன்றிலிருந்து இந்த நகரத்தின் எந்த மேயரும் பனியை அலட்சியமாக எடுத்துக்கொண்டதில்லை. பிலாண்டிக்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்: பின்னாளில் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றத்துக்குத் தேர்வாகி, அதன் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். ஆனால் இந்த ஊரில் அவர் பெயரைச் சொன்னால் இன்றும் முதலில் நினைவுக்கு வருவது பனிதான்.

இந்த இரண்டு புயல்களின் அனுபவத்தில்தான் இரவு நேரத் தடை நிரந்தரமாயிற்று. இதை நடத்துவது நகரத்தின் தெருக்கள் மற்றும் துப்புரவுத் துறை. ஊர்க்காரர்கள் சுருக்கமாக ‘ஸ்ட்ரீட்ஸ் அண்ட் சான்’ என்பார்கள். கோடையில் குப்பை அள்ளும் அதே துறைதான் குளிர்காலத்தில் பனி வாரும். பனி அதிகமானால் குப்பை லாரிகளின் முன்னால் பனித் தகடு மாட்டி இறக்கிவிடுவார்கள். உப்புத் தூவிப் பனி வாரும் வண்டிகள் ஏறக்குறைய முந்நூறு; அவை பார்க்க வேண்டிய சாலைத் தடங்களின் நீளம் 9,400 மைலுக்கு மேல். எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் போக முடியாது. ஏரிக்கரைச் சாலையும் முக்கியச் சாலைகளும் முதலில். பனி நின்ற பிறகே உட்தெருக்கள். தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் பேருந்தும் ஓடுகிற தடங்கள் முதலில் திறக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அந்த 107 மைல் அப்படித்தான் தேர்ந்தெடுக்கப்பட்டது.

இதோடு இன்னொரு தடையும் உண்டு. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஏறத்தாழ 500 மைல் நீளத்துக்கு வேறு சில முக்கியச் சாலைகளில், தரையில் 2 அங்குலம் பனி சேர்ந்துவிட்டால் வண்டி நிற்கக் கூடாது. இதற்கு நாளும் இல்லை, மணியும் இல்லை. நவம்பரிலும் ஏப்ரலிலும்கூடப் பொருந்தும். பட்டப்பகலிலும் பொருந்தும். பலகையில் 2 அங்குலம் என்று எழுதியிருந்தால் அது இந்த வகை; 3 மணி முதல் 7 மணி என்று எழுதியிருந்தால் அது முந்தைய வகை. முந்தைய வகையில் மாட்டினால் இழுவைக் கட்டணம் குறைந்தது 150 டாலர், அபராதச் சீட்டு 60 டாலர், வண்டி கிடங்கில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 25 டாலர். முதல் இரவான டிசம்பர் 1 அன்று மட்டுமே இருநூறுக்கும் மேற்பட்ட வண்டிகள் போவது வழக்கமாகிவிட்டது. நவம்பர் கடைசியில் கண்ணாடித் துடைப்பானில் துண்டறிக்கை செருகி வைக்கிறார்கள். அதையும் மீறி இத்தனை வண்டிகள் போகின்றன.

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். விதி சரியானது, அதன் சுமை மட்டும் எல்லோர் தோளிலும் ஒரே அளவாக விழுவதில்லை. சொந்த கராஜ் உள்ளவருக்கு டிசம்பர் 1 மற்றுமொரு நாள்தான். வாடகைக் குடியிருப்பில் இருந்துகொண்டு தெருவில் வண்டி விடுகிறவருக்கு, இரவு ஷிப்ட் முடித்து இரண்டு மணிக்குத் திரும்புகிறவருக்கு, ஆங்கிலப் பலகையை இன்னும் சரளமாக வாசிக்கப் பழகாத பெற்றோருக்கு, ஒரு நாள் கிடங்குக் கட்டணத்தோடு சேர்த்து வருகிற அந்த 235 டாலர் ஒரு வார மளிகைக்கும் மேல். ரயில் யாரைத் தாண்டிப் போனது என்று 1979இல் மக்கள் கேட்டார்கள். இந்தத் தடையைப் பற்றியும் அதே கேள்வியை நகரம் தன்னைத்தானே கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பல மொழிகளில் அறிவிப்பும், பனிக்காலத்தில் இரவில் வண்டி விட ஒதுக்கிய இடங்களும் இன்னும் கூடுதலாக வேண்டும்.

உட்தெருக்களின் கதை வேறு. மின்னியாபொலிஸ் நகரில் பனி அவசரநிலை அறிவித்தால் மூன்று நாள் ஒழுங்கு உண்டு. முதல் இரவு முக்கியச் சாலைகள் காலியாக வேண்டும். மறுநாள் மற்றத் தெருக்களில் இரட்டைப்படை எண் வீடுகள் உள்ள பக்கம், மூன்றாம் நாள் ஒற்றைப்படைப் பக்கம். சிகாகோவின் குடியிருப்புத் தெருக்களில் அந்த முறை இல்லை. நடுவில் ஒரு தடம் வாரிக்கொண்டு போவார்கள். வாரிய பனி இரு பக்கமும் நிற்கிற வண்டிகளின் மேல் குவியும். மணிக்கணக்கில் மண்வாரியால் தோண்டித்தான் வண்டியை எடுக்க வேண்டும். அப்படித் தோண்டிய இடத்தில் பழைய நாற்காலியோ இஸ்திரி மேசையோ போட்டு ‘இது என் இடம்’ என்று வைக்கும் வழக்கத்துக்கு இங்கே ‘டிப்ஸ்’ என்று பெயர். சட்டப்படி தெரு எவருக்கும் சொந்தமில்லை. சில நாள் பொறுத்துத் துறை ஆட்களே அந்தச் சாமான்களை அள்ளிப் போய்விடுவார்கள். முதுகு ஒடியத் தோண்டியவரின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பக்கத்து வீட்டு முதியவருக்கு வருகிற தாதி வண்டி நிறுத்த இடமில்லாமல் சுற்றுகிறபோது அந்த நாற்காலியை எடுத்து உள்ளே வைத்துவிடுவதே முறை.

வண்டி ஓட்டுவதிலும் நகரம் பட்டுத்தான் கற்றது. 2011 பிப்ரவரி 1 இரவு, 21 அங்குலப் புயலின் நடுவே ஏரிக்கரைச் சாலையில் விபத்துகளால் பாதை அடைபட்டு நூற்றுக்கணக்கான வண்டிகள் சிக்கின. ஒரு பக்கம் மிச்சிகன் ஏரியின் அலை, நடுவில் தடுப்புச் சுவர். முன்னும் போக முடியாமல் திரும்பவும் முடியாமல் பலர் விடிய விடிய வண்டியிலேயே இருந்தார்கள். மூடுவதற்குத் தாமதித்ததே பெரிய தவறு என்ற விமர்சனம் எழுந்தது. அதன் பிறகு நடுத் தடுப்பில் வண்டிகளைத் திருப்பிவிட அவசர வழிகள் அமைத்தார்கள். 2012 ஜனவரியில், பனி வண்டிகள் எங்கே ஓடுகின்றன என்று எவரும் இணையத்தில் பார்க்கிற வசதி வந்தது. என் தெருவுக்கு வண்டி வந்ததா என்ற சந்தேகத்துக்கு இப்போது ஆதாரம் உண்டு. 1979இல் இது இருந்திருந்தால் பள்ளி வாகன நிறுத்தம் பற்றிய அறிவிப்பை யாரும் வெளியிட்டிருக்க முடியாது.

மாநில விதிகளில் இரண்டை மட்டும் நினைவூட்டுகிறேன். கண்ணாடித் துடைப்பான் ஓடினால் முன்விளக்கும் எரிய வேண்டும். விளக்கு மின்ன நிற்கிற வண்டியைக் கண்டால் வேகம் குறைத்து, முடிந்தால் அடுத்த தடத்துக்கு விலக வேண்டும். இரண்டாவதற்கு ஸ்காட் சட்டம் என்று பெயர். 2000 டிசம்பரில் டான் ரயன் விரைவுச்சாலையில் விபத்தில் உதவிக்கொண்டிருந்தபோது குடிபோதை ஓட்டுநரால் மோதப்பட்டு இறந்த சிகாகோ தீயணைப்பு அதிகாரி ஸ்காட் கில்லன் பெயரில் வந்த சட்டம் அது.

வீட்டு முன் நடைபாதையும் நம் பொறுப்பு. பகலில் விழுந்தால் கூடிய விரைவில், இரவு 7 மணிக்கு மேல் விழுந்தால் காலை 10 மணிக்குள், 5 அடி அகலத்துக்கு வழி விட வேண்டும். வாரியதைத் தெருவில் தள்ளக் கூடாது. புறநகர்களில் இருப்போர் தத்தம் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நேப்பர்வில் போன்ற ஊர்களில் ஆண்டு முழுவதுமே அதிகாலையில் தெருவில் வண்டி நிறுத்தத் தடை உண்டு.

இந்த மலரை வாசிக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வேண்டுகோள். நவம்பர் 30 மாலை உங்கள் தெருப் பலகையை ஒரு முறை படியுங்கள். அந்த ஆண்டு ஊரிலிருந்து வந்த மாணவர், புதிதாக வேலையில் சேர்ந்தவர், பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த பெற்றோர் யாராவது உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் அன்று இரவே போன் செய்து சொல்லுங்கள். உங்கள் வீட்டு டிரைவ்வேயில் இடமிருந்தால் அவர்கள் வண்டிக்கும் ஒரு ராத்திரி இடம் கொடுங்கள்.