நெல்லிக்கனியும் நீண்ட ஆயுளும்

நூறாண்டு வாழ்க என்று வாழ்த்துவது தமிழர் மரபு. இயற்கைக்கோ நூறாண்டு ஒரு பொருட்டல்ல. கலிபோர்னியா மலைகளில் 4,800 ஆண்டுகளைக் கடந்த பைன் மரம் நிற்கிறது. வடகடலில் வாழும் கிரீன்லாந்து சுறா, குளிர்நீரில் மிக மெதுவாக வளர்ந்து 270 ஆண்டுகளுக்கு மேலும் வாழும் என்று 2016இல் வெளியான ஆய்வு கூறுகிறது. மனிதரில் உறுதிசெய்யப்பட்ட அதிக வயது 122. அதை எட்டிய பிரெஞ்சுப் பெண்மணி ஜான் கல்மான் 1997இல் மறைந்தார்.

ஆயுளை நீட்டும் ஆசை மிகப் பழையது. சாவா மருந்து தேடிக் கடல்கடந்து ஆள் அனுப்பிய சீனப் பேரரசர் சின் ஷி ஹுவாங், கி.மு. 210இல் ஐம்பது வயதை எட்டுமுன் இறந்தார். நம் சித்தர்கள் காயகற்பம் தேடினர். அதியமானோ, கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் அவ்வைக்குக் கொடுத்தான்.

அந்த நெல்லிக்கு ஜொகூரோடும் உறவுண்டு. மலாய் மொழியில் நெல்லி மரத்தின் பெயர் மலாக்கா. அம்மரத்தடியில் இளைப்பாறிய பரமேஸ்வரா தம் நகருக்கு அப்பெயரைச் சூட்டினார் என்பது வழிவழிக் கதை. 1511இல் மலாக்கா போர்த்துக்கீசியர் வசமான பின், அந்த அரச மரபினரே 1528இல் ஜொகூர் அரசை நிறுவினர்.

ஆனால், மலாயாவில் பால்மரம் சீவ வந்த தமிழருக்கு ஆயுளைத் தந்தது நெல்லியல்ல. காடழித்துத் தோட்டம் போட்ட இடங்களிலெல்லாம் மலேரியா உயிர்களை வாரிக்கொண்டு போனது. 1901இல் கிள்ளானில் பணியேற்ற டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டி நோயைக் குறைத்துக் காட்டினார். மேட்டுநிலத் தோட்டங்களில் அந்த வழி பலிக்கவில்லை. காடு போனதும் வெயில்பட்ட தெளிந்த ஓடைகளில் வேறொரு கொசு பெருகியது. அங்கே நிலத்தடிக் குழாய்களும் நீர்மேல் தெளித்த எண்ணெயும் தேவைப்பட்டன.

பின்னர் சுத்தமான குடிநீர், தடுப்பூசி, மருத்துவமனைப் பிரசவம் எனப் பலவும் சேர்ந்தன. 1957இல் அறுபதை எட்டாத சராசரி ஆயுள், இன்று 75ஐ ஒட்டி நிற்கிறது. மன்னர்கள் தேடிய மருந்து கடைசியில் கால்வாயிலும் குழாயிலும் கிடைத்தது.

இருந்தும், நாட்டின் மூன்று பெரிய இனங்களில் சராசரி ஆயுள் குறைந்தவர்கள் இந்தியர்களே. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், இந்தியப் பெரியவர்களில் சுமார் 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அன்றைய எமன் ஓடையில் இருந்தான். இன்று தேநீர்க் குவளையில் இருக்கிறான். கொசுவை விரட்ட அரசும் தோட்டமும் வந்தன. சர்க்கரையைக் குறைக்க யார் வருவார்? காயகற்பம் தேடுமுன், வீட்டில் எல்லாரும் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாமே!