சுற்றம்பலத்தில் ஓடிய தீ

எங்க ஊர் பாறசாலைக்குப் பக்கம். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அதில் நின்றுபோன தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. இப்போ குப்பை கொட்டுவது ஒரு குளிர்நாட்டில், பதினோராவது மாடியில்.

போன வாரம் எங்க கட்டடத்தில் தீ ஒத்திகை. வராந்தாவின் நடுவே தானாக மூடிக்கொள்ளும் கனமான கதவு ஒன்று உண்டு. சாமான் தூக்கிப் போக வசதியாக, அதற்கு ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துத் திறந்தே வைத்திருப்போம் (நானும்தான்!). ஒத்திகைக்கு வந்தவர் ஒன்றும் பேசாமல் அந்தக் கட்டையை எடுத்துக் குப்பையில் போட்டார்.

எனக்குப் பாட்டா ஞாபகம் வந்தது. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோவிலுக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் குருவாயூர் தீயைப் பற்றிச் சொல்லுவார்.

கேரளக் கோவில்களைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஸ்ரீகோவிலை நாலு பக்கமும் சுற்றி, தொடர்ச்சியாக ஓடுவது சுற்றம்பலம். அதன் வெளிச்சுவரில் வரிசை வரிசையாக விளக்குகள் பதித்த மரச்சட்டம் விளக்குமாடம்.

1970 நவம்பர் 30. குருவாயூரில் மேற்குச் சுற்றம்பலத்தில் தீப்பிடித்தது. சுமார் 5 மணி நேரம் எரிந்தது. மேற்கு, தெற்கு, வடக்கு என்று மூன்று பக்க விளக்குமாடமும் போயிற்று. சில கஜ தூரத்தில் இருந்த ஸ்ரீகோவிலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

குருவாயூரப்பன் காத்தான் என்பார் பாட்டா. நம்பிக்கைக்கு நான் குறுக்கே வரவில்லை. ஆனால் தீ போன வழியைப் பாருங்கள். சூடான புகை மேலே ஏறும். கூரை தடுத்தால், கூரையின் அடியிலேயே பக்கவாட்டில் ஓடும். அந்த வெக்கையில் தூரத்து மரமும் காய்ந்து, தீநாக்கு வந்து சேரும் முன்பே பற்றத் தயாராகிவிடும். எண்ணெய் ஊறிய மரம் என்றால் கேட்கவே வேண்டாம். சுற்றம்பலம் தீக்கு வழி போட்டுக் கொடுத்தது. ஸ்ரீகோவிலுக்கு முன்னால் இருந்ததோ திறந்த முற்றம். வெக்கை வானத்துக்குப் போக அங்கே இடம் இருந்தது.

சரி, கல்லில் கட்டினால் போதுமா? திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோவில் 1686-ல் தீக்கிரையானது. பிறகு மார்த்தாண்டவர்மா காலத்தில் எழுந்த சீவேலிப்புரை கல்தூண்களால் ஆனது. கல் பற்றாது, வாஸ்தவம்தான். ஆனால் 2018 பிப்ரவரி 2 இரவு, மதுரை மீனாட்சி கோவிலின் வீரவசந்தராயர் மண்டபமும் கல் மண்டபம்தான். எரிந்தது அங்கிருந்த கடைகளும் சரக்கும். அந்தச் சூட்டில் தூண்கள் வெடித்து, கூரையின் ஒரு பகுதி இடிந்தே விழுந்தது.

ஆக, வழியில் என்ன வைக்கிறோம், வழியை எங்கே மறிக்கிறோம், இந்த இரண்டும்தான் கணக்கு. நம்ம மாடி வீட்டு வராந்தாவுக்கு முற்றம் கிடையாது. முற்றம் செய்த வேலையைச் செய்ய அந்தக் கதவு ஒன்றுதான் இருக்கிறது. அதற்குத்தான் நாங்கள் கட்டை வைத்திருந்தோம்.

"நடையில சாமான் வைக்கப்பிடாது மக்களே" என்று பாட்டா வீட்டில் சத்தம் போடுவார். லட்சுமி வரமாட்டாள் என்று காரணம் சொல்லுவார். அன்றைக்குச் சிரித்தேன்.

ஒத்திகை முடிந்து வந்ததும் முதல் வேலையாக, வாசலுக்கு வெளியே இருந்த செருப்பு ஸ்டாண்டையும் அட்டைப்பெட்டிகளையும் உள்ளே எடுத்து வைத்தேன். வீட்டுக்காரி ஒரு மாதிரி பார்த்தாள். "பாட்டா சொன்னார்" என்றேன்.

நீங்களும் ஒரு தடவை உங்க வீட்டு வராந்தாவை எட்டிப் பாருங்களேன்.