ரெண்டு டவருக்கு நடுவுல ஒரு கம்பி

சிமென்ட் லாரிகள் ஓடி ஓடிப் பள்ளமான அரியலூர் ரோட்டில் என் பழைய மாருதி 800 ஆட ஆரம்பித்தது. எதிரே லாரி வரும்போது ஸ்டியரிங் இழுத்தால் உயிர் போய் வரும். “ஸ்ட்ரட் பார் போடுங்க” என்றார்கள். அதுக்கு முன்னாடி அதோட கதையைத் தேடினேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். ஜெனரல் மோட்டார்ஸில் மலிவு விலைக் கார் ஒன்றுக்காக ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே தூணாக்க யோசித்தார் எர்ல் மேக்பர்சன். அந்தக் கார் விற்பனைக்கு வரவே இல்லை. அவர் ஃபோர்டுக்கு மாறினார். 1950இல் வந்த கான்சலில் முன்பக்கம் அந்தத் தூண்தான். நம்ம அம்பாசிடருக்கோ டார்ஷன் பார். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800இல் முன்பக்கம் மேக்பர்சன் தூண்.

இதில் செலவும் இடமும் மிச்சம். ஆனா பள்ளத்தில் விழும் அடி நேரா பானெட்டுக்குள்ள இருக்கிற ரெண்டு டவருக்கும் ஏறும். வளைவில் அவை அசையாம பிடிக்கத்தான் குறுக்கே இந்தக் கம்பி. வாங்கினா, நடுவில் மூட்டு இல்லாத ஒரே கம்பி, கெட்டியான தட்டு, பானெட்டில் இடிக்காத உயரம் பாருங்க. பளபளப்பு வேண்டாம்.

என் காரில் தேய்ந்திருந்தது லோயர் ஆர்ம் புஷ். மாத்தினேன், ஆட்டம் நின்னுது. கம்பி வாங்கவே இல்லை.