புகைக்கப் போகும் நேரம் யாருடையது?

பிரித்தானியாவில் எம்மவர் பலர் கடைகளிலும் பெற்றோல் நிலையங்களிலும் வேலை செய்கிறோம். சிலர் அவற்றை நடத்துகிறோம். அங்கே அடிக்கடி எழும் பிணக்கு இது: ஒருவர் மணிக்கொரு தடவை சிகரட் பிடிக்க வெளியே போவார், புகைக்காதவர் கல்லாவில் தனியே நிற்பார்.

புகைப்பதற்கென்று தனி இடைவேளை கேட்க எவருக்கும் சட்டத்தில் உரிமை இல்லை. 1998 ஆம் ஆண்டின் வேலைநேர ஒழுங்குவிதிகளின்படி, நாளொன்றில் 6 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யும் வயதுவந்தவருக்கு 20 நிமிட இடைவேளை உண்டு. புகைப்பவருக்கும் புகைக்காதவருக்கும் அது ஒன்றுதான். அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்பது வேலை ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

இங்கிலாந்தில் 2007 யூலை 1 முதல் மூடிய வேலைத்தளங்களில் புகைத்தல் தடை. கடையின் பின்பக்கக் களஞ்சிய அறையும் இதில் அடங்கும். அங்கே புகைப்பதைத் தடுக்கத் தவறினால் கடையை நடத்துபவருக்கு 2,500 பவுண் வரை தண்டம் விதிக்கப்படலாம்.

உறவினரும் ஊரவரும் வேலை செய்யும் கடையில் இதை நேரே சொல்வது சங்கடம்தான். அதனால் மேலதிக இடைவேளை உண்டா, எத்தனை நிமிடம், சம்பளம் உண்டா என்பதை முதலிலேயே எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிடுவோம். புகைப்பவருக்குக் கொடுக்கும் நிமிடங்களைப் புகைக்காதவருக்கும் கொடுப்போம். கேட்காமல் நிற்பவருக்கும் கால் வலிக்கும்.